கடுக்காயும் காலணாத் தமிழனும்

ஒரு கடுக்காயை உடைத்துத் தூளாக்கி வெந்நீரில் ஊறவையுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மங்கலான மஞ்சளாகும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் பச்சை நிற உப்புக்கட்டி தருவார்கள். அதை ஒரு சிட்டிகை அந்த நீரில் போட்டால் கண்ணெதிரிலேயே கருநீலம் பரவும். சற்றுக் காற்றுப்பட விட்டால் நன்றாகக் கறுத்துப்போகும். அன்னபேதி கைக்கு அகப்படாதவர்கள் துருப்பிடித்த ஆணியைப் போட்டுவிட்டு மறுநாள் பார்க்கலாம். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களும் கணக்குப்பிள்ளைகளும் நெடுங்காலம் எழுதியது இந்த மையால்தான். ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்துக் காய்ப்புகளைப் போட்டு இதே மையைக் காய்ச்சி, ஆயிரம் ஆண்டுக்கு மேலாகச் சாசனங்களும் கடிதங்களும் எழுதினார்கள்.

வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. அருவியையும் சிறிய உயிரியல் பூங்காவையும் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வரும். அந்த மலைக் காட்டில் விளையும் பொருள்களில் கடுக்காயும் ஒன்று. மலையாளிப் பழங்குடி மக்கள் பொறுக்கிச் சேர்த்துக் கீழே அனுப்புவார்கள். அது மருந்துக் கடைக்குப் போகும், ஒரு காலத்தில் மை காய்ச்சுகிறவர் வீட்டுக்கும் போயிருக்கும். ஆனால் இந்த வட்டாரத்தில் மூட்டை மூட்டையாக அதை விழுங்கியவை பாலாற்றங்கரை டேனரிகள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஊருக்கு ஊர் தோல் ஊறியது.

கடுக்காயைக் கடித்ததும் நாக்கு இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற வேதிப்பொருள் குடும்பம். எச்சிலில் உள்ள புரதங்களை அது பிடித்துக் கட்டிவிடுவதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. தோல் குழியில் நடப்பதும் அதுவேதான், நாக்கில் நொடியில் முடிவது அங்கே வாரக்கணக்கில் நடக்கிறது. தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட வடிவம் அதற்கு. பச்சைத்தோலைச் சுமார் 60 பாகை வெந்நீரில் போட்டால் முறுக்கு அவிழ்ந்து சுருண்டுவிடும். டானின் உள்ளே புகுந்து இழைகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான பிடிகளைப் போட்டபின் அதே தோல் ஏறத்தாழ 80 பாகை வரை தாங்கும். கிருமிகளுக்கும் அதைத் தின்னத் தெரியாமல் போகும்.

இந்தப் பக்கத்துப் பழைய முறையில் உப்பிட்ட தோலைக் கழுவி ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரும் சதையும் நீக்கி, பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில் குழி மாற்றிக் குழி ஊறவிடுவார்கள். கடைசியில்தான் கடுக்காய் நீர், அதன்பின் எண்ணெய். வெயில் பட்டால் தோல் சிவந்துவிடாமல் காப்பது கடுக்காயின் வேலை. இப்படிப் பாதி பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது. அங்கே அதற்கு ஈஸ்ட் இந்தியா தோல் என்று பெயர். ஆட்டுத்தோலுக்கு இன்னொரு பெயரும் உண்டு: பெர்ஷியன். பாரசீகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வியாபாரிகள் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது.

அங்கே போன தோலில் ஒரு பகுதி புத்தக அட்டையானது. மலிவான தோல், மெல்லிய தோல், பார்க்க அழகான தோல். சில ஆண்டுகளில் நூலகர்கள் புகார் சொல்லத் தொடங்கினார்கள். புத்தகத்தை எடுத்தால் கையெல்லாம் செங்கல் நிறப் பொடி, முதுகுத்தோல் கழன்று விழுகிறது. லண்டன் கலைச் சங்கம் 1900இல் ஒரு குழு போட்டது. வேதியியலாளர்களும் புத்தகம் கட்டுகிறவர்களும் நூலகர்களும் சேர்ந்து ஆராய்ந்து 1901இல் அறிக்கை தந்தார்கள். இந்தியாவில் பதனிட்ட ஆட்டுத்தோலையும் செம்மறித்தோலையும் அது காய்ச்சி எடுத்தது. வேறு பல வேலைக்கு நல்ல தோல்தான், புத்தகம் கட்ட மட்டும் மிக மோசம், ஓராண்டுக்குள்ளேயே கெடத் தொடங்குகிறது என்பது அதன் தீர்ப்பு.

காரணம் டானினின் இனத்தில் இருக்கிறது. டானினில் பெரிய பிரிவு இரண்டு. கடுக்காயில் உள்ளது நீரால் உடையக்கூடிய வகை. ஆவாரம்பட்டையில் உள்ளது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு செறிந்த வகை. இந்தச் செறிந்த வகை தோலைச் சீக்கிரம் பதனிடும், கெட்டியாகவும் பிடிக்கும். ஆனால் காற்றில் உள்ள கந்தக டை ஆக்சைடை உறிஞ்சித் தோலுக்குள்ளேயே கந்தக அமிலமாக்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அன்றைய லண்டனில் நிலக்கரிப் புகைக்குப் பஞ்சமில்லை. நூலகத்துக்குள் எரிவாயு விளக்குகள் வேறு. சூடான புகை மேலே போய்த் தேங்கும் அலமாரித் தட்டுகளில் தோல் முதலில் உதிர்ந்தது. ஆம்பூரில் அழுகலைத் தடுத்த சரக்கு லண்டன் புகையில் தானே அழிவுக்கு வாசல் திறந்தது. எந்தத் தோல் எந்த வகை என்று அறியச் சோதனை எளிது. மேலே சொன்ன இரும்பு உப்பு நீரில் ஒரு சொட்டு போதும். கடுக்காய் வகை கருநீலமாகும், பட்டை வகை பச்சை கலந்த கறுப்பாகும்.

தோலையும் மையையும் பற்றி இவ்வளவு பேசுவது ஒரு காகிதக் கட்டைப் பற்றிச் சொல்லத்தான். அந்தக் கட்டுக்குத் தோல் அட்டை போட யாருக்கும் வசதி இருக்கவில்லை.

பண்டிதர் அயோத்திதாசர் 1845இல் பிறந்து 1914 மே 5இல் மறைந்தவர். சித்த மருத்துவர், தமிழ்ப் புலவர், சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியுரிமைக்காகத் தென்னிந்தியாவில் முதலில் எழுந்த குரல்களில் ஒருவர். 1891 டிசம்பரில் நீலகிரியில் மாநாடு கூட்டித் திராவிட மகாஜன சபையின் சார்பில் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றினார். 1898இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 புதன்கிழமை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைக் கொண்டுவந்தார். நான்கு பக்கம். விலை காலணா, அதாவது ஒரு பைசா. ஓராண்டு கழித்து ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. அவர் சாகும்வரை வாரந்தவறாமல் வந்த அந்த இதழ்தான் அவருடைய ஆவணக் காப்பகம். வரலாறு, மருத்துவம், இலக்கண ஆராய்ச்சி, அரசாங்கத்துக்கு விண்ணப்பம், வாசகர் கேள்விக்கு விடை, பஞ்சம் பற்றிய செய்தி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கடுக்காயும் அன்னபேதியும் சித்த வைத்தியத்தின் அன்றாடச் சரக்குகள். அன்னபேதியைச் செந்தூரமாக்கிச் சோகைக்குக் கொடுப்பார்கள். மையின் இரு பொருள்களும் பண்டிதர் கைக்குப் பழகியவைதாம். ஆனால் அச்சு எந்திரத்தில் ஓடியது வேறு மை. எண்ணெயில் குழைத்த கரிப்புகை மை அது. கரி எதனோடும் எளிதில் வினை புரியாது. எழுத்து நிற்கும். நிற்காதது காகிதம்.

காலணா விலைக்குக் கட்டுப்படியாகும் காகிதம் எது? கந்தலிலிருந்து செய்த காகிதம் விலை கூடியது. அதில் பருத்தி இழை, கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் எந்திரம் வந்தபிறகு உலகெங்கும் செய்தித்தாள் மரத்துக்கு மாறியது. மரத்தில் செல்லுலோஸோடு லிக்னின் என்ற பசையும் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகும். பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்ததும் வரும் மெல்லிய இனிப்பு வாசனையில் ஒரு பங்கு லிக்னின் உடைவதால் பிறக்கும் வனிலின். ஐஸ்கிரீமில் போடும் வெனிலா மணம் அதுதான். வாசனை பிடித்திருந்தால் புத்தகம் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொரு கேடு காகித ஆலையிலேயே கலந்தது. மை ஊறிப் பரவாமலிருக்கக் காகிதத்துக்குக் குங்கிலியப் பசை பூசி, அதைப் படிகார இனத்து அலுமினிய உப்பால் பிடிக்கவைப்பார்கள். 1807இல் மோரிட்ஸ் இல்லிக் வெளியிட்ட மலிவு முறை. அந்த உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து சிறிது சிறிதாக அமிலம் தரும். செல்லுலோஸ் என்பது சர்க்கரைக் கண்ணிகள் நீளமாகக் கோத்த சங்கிலி. அமிலம் ஒவ்வொரு கண்ணியாகத் தேடிப் போவதில்லை, சங்கிலியின் எந்த இடத்திலும் வெட்டும். ஆயிரத்துச் சொச்சம் கண்ணிகள் இருந்த சங்கிலி இருநூறுக்குக் கீழே வரும்போது காகிதம் மடிக்கத் தாங்காது, அப்பளமாக நொறுங்கும். உடையும் செல்லுலோஸே புது அமிலங்களையும் தருவதால் வினை போகப்போக வேகமெடுக்கும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம் பேரோ என்பவர் 1950களில் இதை அளந்து பார்த்தார். 1900 முதல் 1949 வரை அச்சான 500 நூல்களின் காகிதத்தை மடித்தும் கிழித்தும் சோதித்ததில், நூற்றுக்கு 97 ஐம்பதாண்டுகூடப் பயன்படாது என்று கணக்கு வந்தது. அவர் பார்த்தவை கெட்டி அட்டை போட்டு நூலகத்தில் இருந்த புத்தகங்கள். இங்கே நாம் பேசுவது வேலூர் வெயிலில் ஓட்டு வீட்டுப் பரண்மேல் தகரப்பெட்டிக்குள் இருந்த வார இதழ். சூடு ஐந்தாறு பாகை கூடினால் காகிதத்தின் ஆயுள் பாதியாகும் என்பது காப்பாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 20 பாகை அறையில் நூறாண்டு தாங்கும் தாள் 35 பாகையில் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் அதே நிலைக்கு வந்துவிடும். இதில் ராமபாணம், கரையான், எலி, மளிகைக்கடைக்கு எடைபோடும் வழக்கம் எதையும் சேர்க்கவில்லை.

வேதியியல் கணக்குப்படி ‘தமிழன்’ நமக்குக் கிடைத்திருக்கவே கூடாது.

கிடைத்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு பெருந்தொகுதிகளாகப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வந்தது. 2003இல் மூன்றாம் தொகுதி. ஏறத்தாழ எண்பது ஆண்டு பொதுவெளியில் பேசப்படாமல் இருந்த ஒருவர் திடீரென்று ஆயிரம் பக்கங்களுக்கு மேல் பேசத் தொடங்கினார். அந்தத் தொகுதிகளுக்கு ஆதாரமான பழைய இதழ்களைப் பாதுகாத்து வைத்திருந்தவர்களில் முக்கியமானவர் அன்பு பொன்னோவியம். அரசு காப்பகமோ பல்கலைக்கழகமோ செய்யாததை ஒரு தனி மனிதர் செய்திருக்கிறார். குளிரூட்டிய அறை இருந்ததாலோ காகிதம் உயர்ந்ததாலோ இது நடக்கவில்லை. இதழ் எங்கெங்கே போயிற்று என்று பார்த்தால்தான் விடை தெரியும்.

சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் ரயில் பாதையையும் கப்பல் பாதையையும் ஒட்டிப் பரவின. வட ஆற்காட்டிலிருந்து ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகக் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தன. நிலத்துக்கடியில் உயிரைப் பணயம் வைத்துத் தோண்டும் வேலைதான், ஆனாலும் கூலி காசாகக் கிடைத்தது, ஊர்க் கவுண்டர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கம் கிளைவிட்டது. ஜோலார்பேட்டை சந்திப்புக்குப் பக்கத்தில் திருப்பத்தூரில் ஒரு கிளை. கடல் தாண்டி ரங்கூனிலும் தென்னாப்பிரிக்க நேட்டாலிலும் வாசகர்கள். பண்டிதர் மறைந்தபின் சிறிது காலம் அவர் மகன் பட்டாபிராமன் இதழை நடத்தினார். 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து ‘தமிழன்’ இதழுக்கு மறுவாழ்வு கொடுத்தார். சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்தே பண்டிதரின் எழுத்துகளைத் தனிநூல்களாக மறுபடி அச்சிட்டது. பழைய தாள் நொறுங்குவதற்குள் எழுத்து புதுத் தாளில் ஏறிக்கொண்டது.

இதில் உள்ள கணக்கைப் பள்ளிப் பிள்ளையும் போடலாம். ஒரு பிரதி நூறாண்டு தாக்குப்பிடிக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பிரதி இருந்தால் கதை முடிந்தது. நூறு பிரதிகள் நூறு வீடுகளில் இருந்தால், ஒன்றாவது தப்பிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 63. ஐநூறு இருந்தால் 99க்கும் மேல். காகிதத்தின் தரத்தை இரட்டிப்பாக்குவதைவிட எண்ணிக்கையைக் கூட்டுவது லாபம். நிபந்தனை ஒன்று உண்டு. ஒரு வீட்டின் கேடு மறுவீட்டுக்குப் பரவக்கூடாது. ஐநூறு பிரதிகளும் ஒரே கிடங்கில் இருந்தால் ஒரு தீக்குச்சி போதும். ரங்கூனில் இருந்த பிரதிகளை நினைத்துப் பாருங்கள். 1942இல் ஜப்பானியப் படைக்குத் தப்பி பர்மாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழர்கள் கையில் பழைய வார இதழ்களையா எடுத்து வந்திருப்பார்கள்? ரங்கூன் போனாலும் தங்கவயல் இருந்தது. எதிரெதிர்த் திசைகளில் சிதறியதே இதழுக்குக் காப்பாயிற்று. சாதியாலும் பஞ்சத்தாலும் ஊர் ஊராக விரட்டப்பட்டவர்கள் படித்த இதழ் என்பதால்தான் அது அப்படிச் சிதறியது. இதை நல்லூழ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்பேத்கரின் தாள்களுக்கு இந்தப் பரவல் கிடைக்கவில்லை. 1956 டிசம்பர் 6இல் டெல்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டில் அவர் மறைந்தபோது அச்சேறாத கையெழுத்துப் படிகளும் குறிப்புகளும் கடிதங்களும் பெட்டி பெட்டியாக இருந்தன. வாரிசு உரிமை வழக்கு நடந்துகொண்டிருக்க, தாள்கள் அந்த வளாகத்திலேயே கிடந்தன. 1967 ஜனவரியில் அறையைக் காலிசெய்ய வந்தவர்கள் அவற்றை முற்றத்தில் வீசினார்கள். மழையில் நனைந்து ஏராளமான தாள்கள் அழிந்தன. தப்பியவற்றிலிருந்துதான் மகாராஷ்டிர அரசு வசந்த் மூன் என்ற பதிப்பாசிரியரைக் கொண்டு 1979 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. நனைந்த காகிதம் உடனே சாவதில்லை. இரண்டு நாள் வரை அவகாசம் உண்டு, அதன்பின் பூஞ்சை பிடிக்கும். அந்த இரண்டு நாளுக்குள் உறையவைத்துவிட்டால் பிறகு மாதக்கணக்கில் நிதானமாக உலர்த்தலாம். இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் 1966 நவம்பரில் வெள்ளம் புகுந்து லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் மூழ்கியபோது, உலகெங்குமிருந்து வந்து குவிந்த காப்பாளர்கள் நனைந்த காகிதத்தைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது. டெல்லி மழை அதற்கு இரண்டே மாதம் பிந்தியது.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்கின் தாள்கள் அவர் வீட்டு நிலவறையில் நெடுநாள் கிடந்தன. 2006இல் ஏலத்துக்கு வந்த தறுவாயில் அட்லாண்டா நகரத்தார் திரண்டு 3 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, அவர் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்த்தார்கள். அவ்வளவு பணம் வைக்கக்கூடிய ஊர் எல்லாத் தலைவருக்கும் வாய்ப்பதில்லை.

சில இதழ்களுக்கு வேறொரு விதமான காப்பு அமைந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். அதன் பிரதிகளை இன்று தேடிப் பிடிப்பது குதிரைக்கொம்பு. ஆனால் சென்னை அரசாங்கம் தாய்மொழி இதழ்களைக் கண்காணிக்க மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, எந்த இதழ் என்ன எழுதியது என்று வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதி வாங்கியது. ஆட்சிக்கு ஆபத்தா என்று பார்க்கத்தான். அந்த அறிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் லண்டனிலும் பத்திரமாக இருக்கின்றன. இதழ் அழிந்தும் அதன் உளவுக் குறிப்பு நிற்கிறது. 1869 முதல் 1943 வரையான தலித் இதழ்களைப் பற்றி ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய ஆய்வு நூலைப் படிக்கிறவருக்கு, பெயர் மட்டும் மிஞ்சிய இதழ்கள் எத்தனை என்பது உறைக்கும்.

கையெழுத்துத் தாள்களின் கதை இன்னும் சிக்கல். இங்கேதான் கடுக்காய் மை தன் மறுமுகத்தைக் காட்டுகிறது. அன்னபேதி என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த உப்பு. கடுக்காயின் டானினோடு இரும்பு சேர்ந்து கறுப்பாகும்போது கந்தக அமிலம் தனித்து நிற்கிறது. மை காய்ச்சியவர் அன்னபேதியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தால் கறுப்பில் சேராத இரும்பும் மிஞ்சும். அமிலம் செல்லுலோஸை வெட்ட, மிஞ்சிய இரும்பு காற்றின் ஆக்சிஜனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அரிக்க, எழுத்து இருந்த இடம் மட்டும் பழுப்பாகி உதிர்ந்துவிடும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் சொற்கள் ஓட்டைகளாகத் தெரியும். எழுதப்படாத ஓரங்கள் நன்றாகவே இருக்கும்.

இதற்கு மருந்து 1990களில் நெதர்லாந்தில் வந்தது. தானியங்களிலும் விதைகளிலும் பாஸ்பரஸைச் சேமித்து வைக்க இயற்கை உண்டாக்கிய பைடிக் அமிலம் இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தவிடு அதிகமுள்ள உணவு இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். அரித்த தாளைக் கால்சியம் பைடேட் கரைசலில் நனைத்தால் சுற்றித் திரியும் இரும்பு கட்டுண்டுவிடும். பிறகு சுண்ணாம்பு இனத்து உப்பு நீரில் ஒரு முறை நனைத்தால் அமிலமும் அடங்கும். இன்று நல்ல காகிதங்களில் ஆலையிலேயே சுண்ணாம்புப் பொடி கலக்கிறார்கள். உண்டாகும் அமிலத்தை அதுவே தின்றுவிடும். 1980களுக்குப் பின் அச்சான பல நூல்கள் வெள்ளையாக இருப்பதற்கு இதுதான் காரணம். டேனரிக் குழியில் மயிரைக் கழற்றும் அதே சுண்ணாம்புக்குக் காகிதத்தில் காவல் வேலை.

தமிழ்நாட்டில் தனி மனிதர்கள் தாளைக் காப்பாற்றிய கதைகளில் செட்டிநாட்டுக் கோட்டையூரின் ரோஜா முத்தையாவைத் தவிர்க்க முடியாது. நூல், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தவர். பூச்சி வராமலிருக்கச் சிட்ரோனெல்லா எண்ணெய் ஆவியைப் புத்தகங்களுக்குக் காட்டினார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. அங்கே முதலில் நடந்த பெரிய வேலை நுண்படம் எடுப்பது. கணினிக் கோப்புகள் இருக்கும்போது பழங்காலப் படச்சுருள் எதற்கு என்று தோன்றும். பாலியெஸ்டர் சுருளில் வெள்ளிப்படமாகப் பதித்துக் குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்தால் சில நூறு ஆண்டுகள் தாங்கும் என்பது சோதனைக் கணிப்பு. படிக்க ஒரு கண்ணாடி வில்லையும் விளக்கும் போதும். 2001இல் வட்டில் எழுதி வைத்த கோப்பைத் திறக்க இன்று எந்திரம் தேட வேண்டியிருக்கிறது.

படியெடுத்தும் கைமாற்றியும் எழுத்தைக் காக்கும் இந்த வித்தை பண்டிதரின் குடும்பத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர். தம்மிடமிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகளை அவர் துரையிடம் கொடுக்க, அவை தமிழறிஞரான எல்லிஸ் துரையிடம் சேர்ந்தன என்று அயோத்திதாசரே எழுதியிருக்கிறார். ஓலை சில நூற்றாண்டு தாங்கும், அதற்குமேல் பெயர்த்தெழுத வேண்டும். நைந்த ஏட்டை ஆற்றில் விட்டுவிட்டுப் புது ஏட்டைக் கட்டிவைத்த மரபு நம்முடையது. சமையலறையைக் கவனித்துக்கொண்ட ஒருவர் வீட்டில் குறள் இருந்தது என்பது அன்றைய கல்விமான்கள் பலருக்குச் செரிக்காத செய்தியாகத்தான் இருந்திருக்கும்.

திருப்பத்தூரிலிருந்து தி.பெ. கமலநாதன் 1985இல் தென்னிந்தியாவில் ஒடுக்கப்பட்டோர் நடத்திய விடுதலைப் போராட்டம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அலாய்சியஸின் தொகுதிகள் வருவதற்குப் பதினான்கு ஆண்டு முந்தியது அது. பாலாற்றுப் பக்கத்திலும் தங்கவயல் போய்வந்த குடும்பங்களிலும் இன்னும் பார்க்கப்படாத பெட்டிகள் இருக்கும் என்றே நினைக்கிறேன். சங்க ரசீது, மாநாட்டு நோட்டீஸ், டேனரி வேலைநிறுத்தத் துண்டறிக்கை, தாத்தா எழுதிய மனுவின் நகல் எதுவானாலும் சரி. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வீட்டிலேயே குளிர்ந்த உள்ளறைக்குக் கொண்டுவந்தால் அந்தத் தாள்களின் ஆயுள் அன்றைக்கே கூடிவிடும். மடிப்பை விரிக்கும்முன் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். நொறுங்கினால் விரிக்காமல் அப்படியே விட்டுவிட்டு ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடத்தைக் கேளுங்கள். விரிந்தால் பகல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாமல், கைபேசியிலேயே படம் எடுத்து நான்கு ஊர்களில் இருக்கும் நான்கு உறவினருக்கு அனுப்பிவையுங்கள். வசம்புத் துண்டோடு துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். செல்லோடேப் ஒட்ட வேண்டாம், அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகி எழுத்தையும் சேர்த்துக் கறையாக்கும். பேருந்து நிலையத்துப் பக்கத்தில் இருக்கும் லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குக் கேடில்லாமல் உரித்தெடுப்பது ஆய்வகத்திலும் கடினம், அமிலமும் உள்ளேயே அடைபட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.